குரோமோசோம்களை இழுப்பது யார்?

அனாபேஸ் என்றால் என்ன? "குரோமாட்டிடுகள் பிரிந்து எதிரெதிர் துருவங்களை நோக்கி நகரும் நிலை." ரெண்டு மார்க். படம் வரைந்து பாகம் குறித்தால் அஞ்சு மார்க். ப்ளஸ் ஒன்னில் உயிரியல் படித்த யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் புரோபேஸ், மெட்டாபேஸ், அனாபேஸ், டீலோபேஸ் என்று ஒப்பித்துவிடுவார்கள். நானும் ஒப்பித்தேன். மார்க்கும் வந்தது.

ஆனால் அந்த வரியில் "நகரும்" என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அது என்னை விடவே இல்லை. குரோமோசோமுக்குக் காலும் கிடையாது, துடுப்பும் கிடையாது. அப்புறம் எப்படி நகர்கிறது? யார் இழுக்கிறார்கள்? அதைவிட முக்கியமாக, எல்லாம் தயார், இனி பிரியலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

காலேஜுக்கு வந்த பிறகு நேரம் கிடைத்தபோதெல்லாம் இதைத் தேடித் தேடிப் படித்தேன். எனக்கு இதில் ஒரு சொந்த அக்கறையும் உண்டு. என் சித்தி பையன் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். அவன் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். கொஞ்சம் நீளமான கட்டுரைதான். ஒரு டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள் :)

முதலில் பிரச்சினையின் அளவைப் பார்ப்போம். நம் ஒரு செல்லில் இருக்கிற டிஎன்ஏவை நீட்டி வைத்தால் சுமார் 2 மீட்டர் வரும். அது அடைந்து கிடக்கும் உட்கருவோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். செல் பிரிவதற்கு முன்னால் அத்தனையையும் ஒரு நகல் எடுக்க வேண்டும். அப்புறம் அசலையும் நகலையும் சிக்கல் எடுத்து, சுருட்டி, 46 குரோமோசோம்களாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி இந்தப் பக்கம், ஒரு பிரதி அந்தப் பக்கம் என்று தப்பாமல் அனுப்ப வேண்டும். ஒன்று கூடினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை. நம் உடம்பில் ஒரு நாளைக்குச் சுமார் 33,000 கோடி செல்கள் புதிதாக உருவாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை தடவையும் இந்தப் பங்கீடு நடந்தாக வேண்டும்.

இதை முதலில் விவரமாகப் பார்த்து வரைந்தவர் ஜெர்மனியின் வால்தர் ஃபிளெம்மிங். சாலமாண்டர் என்ற பிராணியின் குஞ்சுகளின் செல்களில் சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் மணிக்கணக்காகப் பார்த்து, 1882-ல் ஒரு பெரிய புத்தகமாகப் போட்டார். நூல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து மைட்டாசிஸ் என்ற பெயரை வைத்தவரும் அவர்தான். 'குரோமோசோம்' என்ற சொல் 1888-ல்தான் வந்தது. அதாவது, பொருளுக்கே பெயர் வைக்கும் முன்னால் மனிதர் அதன் ஆட்டத்தை வரைந்து முடித்துவிட்டார்!

குரோமோசோமைச் சாயமேற்றிப் பார்க்கலாம். அதை இழுக்கும் கயிறுகள்? செத்த செல்லில் சாயமேற்றினால் ஸ்பிண்டில் நார்கள் தெரிந்தன. ஆனால் உயிருள்ள செல்லில் சரியாகத் தெரியவில்லை. "அதெல்லாம் மருந்து ஊற்றியதால் வந்த கோடுகள், நிஜமாக அங்கே நாரே கிடையாது" என்று சொன்ன விஞ்ஞானிகள் பல வருஷம் இருந்தார்கள். ஷின்யா இனோவே என்ற ஜப்பானிய விஞ்ஞானி முனைவுற்ற ஒளியில் பார்க்கும் மைக்ராஸ்கோப்பைத் தானே மேம்படுத்தி, லில்லிப் பூவின் மகரந்தத்தை உண்டாக்கும் செல்களில், அவை உயிரோடு இருக்கும்போதே நார்களைக் காட்டினார். 1953-ல் அது வெளிவந்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது.

அந்த நார்கள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆன மெல்லிய குழல்கள், அதாவது மைக்ரோடியூபுல்கள். செங்கல் செங்கலாக அடுக்கி நீளும். திடீரென்று நுனியிலிருந்து பொலபொலவென்று உதிரும். மறுபடி நீளும். ஏன் இந்த வெட்டி வேலை என்று தோன்றும். கரண்ட் போன வீட்டில் டார்ச்சை எப்படித் தேடுவோம்? கையை நீட்டித் துழாவுவோம், அகப்படாவிட்டால் இழுத்துக்கொண்டு வேறு பக்கம் துழாவுவோம். இந்தக் குழல்கள் செய்வதும் அதேதான். இரண்டு துருவங்களிலிருந்தும் துழாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு குரோமாட்டிடின் இடுப்பிலும் கைனட்டோகோர் என்று ஒரு கொக்கி இருக்கிறது. அதில் மாட்டிய குழல் தங்கும், மாட்டாதது உதிர்ந்துவிடும்.

சரி, இழுப்பது யார்? துருவத்தில் யாரோ உட்கார்ந்துகொண்டு, கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி கயிறை இழுக்கிறார்கள் என்றுதான் நான் ரொம்ப நாள் கற்பனை செய்து வைத்திருந்தேன். பாடப்புத்தகப் படமும் அப்படித்தான் இருக்கும். நடப்பது வேறு. பெரும்பாலும் குழல் உதிர்வது குரோமோசோம் பிடித்திருக்கும் முனையில்தான். முனை உதிர உதிர, கைனட்டோகோர் நழுவி விழாமல், இன்னும் உதிராத பகுதியைப் பிடித்துக்கொண்டே முன்னே போகிறது. கரும்பை நுனியிலிருந்து கடித்துக்கொண்டே அடிவரை போகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். துருவத்துப் பக்கமும் கொஞ்சம் உதிரும். குழலைக் கட்டும்போது அதற்குள் சேர்த்து வைத்த ஆற்றல், உதிரும்போது வெளியே வந்து வேலை செய்கிறது. வேகம் நிமிஷத்துக்குச் சுமார் ஒரு மைக்ரோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு மில்லிமீட்டர் போக 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நல்ல வேளையாக செல் ரொம்பச் சின்னது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் புரூஸ் நிக்லஸ் என்று ஒருவர் இருந்தார். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் ஹீரோ அவர்தான். முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியை வெட்டுக்கிளியின் உயிருள்ள செல்லுக்குள் கொண்டுபோய், குரோமோசோமைத் தொட்டு இழுப்பார். 1983-ல் ஓடுகிற குரோமோசோமை ஊசியால் மறித்து, அதை நிறுத்த எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்தார். செல்லுக்குள் இருக்கும் கூழில் அதை நகர்த்தத் தேவைப்படும் விசையைப்போல் பல ஆயிரம் மடங்கு வந்தது! ஒரு பஞ்சு மூட்டையை இழுக்க யானையைக் கட்டி வைத்திருக்கிற மாதிரி.

ஆனால் எனக்குப் பிடித்தது அவர் அதற்கு முன்னால், 1969-ல் வெளியிட்ட ஒரு சோதனை. துழாவிப் பிடிக்கும்போது தப்பு நடக்காமல் இருக்குமா? ஒரு ஜோடியின் இரண்டு கொக்கிகளும் ஒரே துருவத்துக் குழல்களில் மாட்டிக்கொள்வது உண்டு. அப்படியே விட்டால் இரண்டு பிரதியும் ஒரே பக்கம் போய்விடும். வழக்கமாக அந்தத் தப்பான கட்டு நிலைக்காது, தானாகக் கழன்று மறுபடி முயற்சி நடக்கும். தப்பு என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? நிக்லஸ் தப்பாகக் கட்டப்பட்ட ஜோடியை ஊசியால் எதிர்ப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். தப்பான கட்டு கழலாமல் அப்படியே நின்றது! ஊசியை எடுத்தால் கழன்றது.

அதாவது செல்லுக்கு வலது தெரியாது, இடது தெரியாது, எது எந்தத் துருவம் என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: விறைப்பு. இரண்டு பக்கமும் சரியாகக் கட்டியிருந்தால் கயிறு விறைப்பாக நிற்கும். ஒரே பக்கம் கட்டியிருந்தால் தொய்யும். தொய்ந்த முடிச்சை அவிழ்த்துவிடு, விறைத்த முடிச்சை விட்டுவிடு. லாரியில் மூட்டை கட்டுகிறவர் கடைசியில் கயிறை ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பாரே, அதே டெக்னிக்.

இப்போது அடுத்த கேள்வி. 46-ம் சரியாகக் கட்டியாகிவிட்டது என்று எப்படி முடிவாகிறது?

ஸ்கூல் டூர் போன பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 45 பேர் ஏறியாச்சு. ஒருத்தன் மட்டும் பஜ்ஜிக் கடையில் நிற்கிறான். பஸ் கிளம்பாது. செல்லும் அப்படித்தான். குழல் மாட்டாத ஒவ்வொரு கைனட்டோகோரும் "இரு, இரு, நான் இன்னும் ஏறவில்லை" என்று ஒரு ரசாயனச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒன்றே ஒன்று கத்தினாலும் போதும், மொத்த செல்லும் காத்திருக்கும். இந்தக் காவலுக்குப் பொறுப்பான ஜீன்களை 1991-ல் ஈஸ்ட்டில் கண்டுபிடித்தார்கள். 1995-ல் கான்லி ரீடர் குழுவினர், காத்திருக்கும் ஒரு செல்லில், குழல் மாட்டாமல் மிச்சமிருந்த கடைசி கைனட்டோகோரை லேசரால் பொசுக்கினார்கள். கத்துகிற ஆளே இல்லை என்று ஆனதும் செல் பிரியத் தொடங்கிவிட்டது. அதே வருஷம் நிக்லஸ் குழு கும்பிடுபூச்சியின் செல்லில், துணையில்லாமல் தனியாக நின்ற ஒரு குரோமோசோமை ஊசியால் இழுத்து விறைப்பாக்கியது. காத்திருந்த செல், "ஓ, எல்லாரும் வந்தாச்சா" என்று ஏமாந்து பிரியப் போய்விட்டது.

விசில் அடித்ததும் என்ன நடக்கிறது? அதற்கு முன்னால் ஒரு விஷயம். இரண்டு பக்கமும் யானை இழுக்கிறது, ஆனாலும் ஜோடிகள் பிரியாமல் நிற்கின்றனவே, எப்படி? கொஹீசின் என்ற புரதம் மோதிரம்போல இரண்டு பிரதிகளையும் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறது. 1997-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். இந்த மோதிரத்தை வெட்ட செப்பரேஸ் என்று ஒரு கத்தரி செல்லில் தயாராக இருக்கிறது. கத்தரியின் வாயை செக்யூரின் என்ற இன்னொரு புரதம் கட்டிப்போட்டிருக்கிறது. கடைசி ஆள் ஏறியதும் காவல் விலகுகிறது, செக்யூரின் அழிக்கப்படுகிறது, கத்தரி விடுபடுகிறது, மோதிரங்கள் அறுகின்றன. அத்தனை ஜோடிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிரிந்து ஓடுகின்றன. அந்த ரெண்டு மார்க் அனாபேஸ் இதுதான்.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது: பிரிவதைப் பற்றிய பாடம் என்று ஆரம்பித்தால், முக்கால்வாசி சேர்ந்திருப்பதைப் பற்றித்தான் இருக்கிறது. கடைசி நொடிவரை இறுக்கமாகச் சேர்ந்திருந்தால்தான் விறைப்பு வரும். விறைப்பு வந்தால்தான் கட்டு சரியா என்று தெரியும். பாதியில் பிடி தளர்ந்துபோன ஜோடி எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சித்தி கதைக்கு வேண்டும்.

நடுவில் நம்ம ஊர் சமாச்சாரம் ஒன்று. தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். ஒட்டன்சத்திரம், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று வயலில் பயிரிடுகிறார்களே, அதே செடி. அதன் விதைக்கு வெளிநாட்டில் கிராக்கி. காரணம் அதிலிருக்கும் கோல்சிசின் என்ற பொருள். கிழங்கும் விதையும் கடும் விஷம், விளையாட்டுக்குக்கூட வாயில் வைக்கக் கூடாது. கோல்சிசின் டியூபுலினைப் பிடித்துக்கொண்டு குழல் கட்ட விடாது. குழல் இல்லாவிட்டால் கொக்கிகள் மாட்டாது, காவல் விலகாது, செல் பாதியில் உறைந்து நிற்கும். குரோமோசோம்கள் நன்றாகச் சுருண்டு, எண்ணுவதற்கு வசதியாக நிற்கும்.

மனிதனுக்கு 48 குரோமோசோம் என்றுதான் 1920-களிலிருந்து உலகமே நம்பிக்கொண்டிருந்தது. ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோவும் சுவீடனின் ஆல்பர்ட் லெவனும் செல்களுக்கு கோல்சிசின் கொடுத்து நிறுத்தி, நீர்த்த உப்புக் கரைசலில் ஊதவைத்து, நசுக்கிப் பரப்பி எண்ணினார்கள். 46! 1956-ல் வெளியிட்டார்கள். நாம் நிலாவுக்கு ராக்கெட் விடுவதற்கு வெறும் மூன்று வருஷம் முன்னால்தான் நம் குரோமோசோமையே ஒழுங்காக எண்ணியிருக்கிறோம். சரியான எண்ணிக்கை தெரிந்தால்தானே கூடுதலைக் கண்டுபிடிக்க முடியும்? 1959-ல் பாரிஸிலிருந்து அந்தச் செய்தி வந்தது: டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளின் செல்லில் 47. கூடுதலாக இருப்பது 21-ம் குரோமோசோம். கட்டுரையில் முதல் பெயர் ஜெரோம் லெஜுன். அந்தச் செல்களை வளர்த்துக் கொடுத்தவர் மார்த் கோத்தியே என்ற பெண் மருத்துவர். அவருக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்ற விவாதம் வெகுகாலம் நடந்தது.

இப்போது சித்தி.

தம்பி பிறந்தபோது சித்திக்கு 27 வயது. விஷயம் தெரிந்த நாளிலிருந்து சித்தப்பா வீட்டுப் பெரியவர்கள் ஒரு விசாரணைக் கமிஷனே நடத்தினார்கள். கிரகணத்தன்று வெளியே வந்தாளாம். பப்பாளி சாப்பிட்டாளாம். ஆறாம் மாசத்தில் அழுதுகொண்டே இருந்தாளாம். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வேலைக்குப் போனாளாம். தம்பிக்கு இப்போது 17 வயது. கமிஷன் இன்னும் கலைக்கப்படவில்லை. ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் யாராவது ஒருவர் சித்தியை ஓரமாக அழைத்து, "அப்ப என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்பார்கள். சித்தி பதில் சொல்ல மாட்டாள். ஆனால் தனக்குள்ளேயே அந்தப் பத்து மாசத்தையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஒரு நாள் அவளே கேட்டாள், "அந்த இருமல் மருந்தா இருக்குமோ?" என்று.

நடந்தது என்ன? முட்டை உருவாவது மியாசிஸ் என்ற தனி வகைப் பிரிவால். அதில் முதலில் அப்பா வழி, அம்மா வழி குரோமோசோம் ஜோடிகள் பிரிய வேண்டும், அப்புறம் பிரதிகள். ஆச்சரியம் என்னவென்றால், ஒரு பெண்ணின் முட்டைகளில் இந்த வேலை அவள் பிறப்பதற்கு முன்பே, அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. ஜோடிகள் சேர்ந்து, கொஹீசின் மோதிரம் மாட்டி, அப்படியே நிற்கும். பத்து, இருபது, நாற்பது வருஷம் நிற்கும். எலிகளில் செய்த சோதனைகளில் பிறப்புக்கு முன் மாட்டிய மோதிரங்களுக்குப் பதிலாகப் புதியவை வருவதில்லை என்று தெரிந்தது. வருஷம் போகப் போக மோதிரங்கள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. மாதாமாதம் ஒரு முட்டை விழித்தெழும்போது, பிடி தளர்ந்த ஜோடி இருந்தால் விறைப்பு சரியாக வராது. முட்டையில் அந்த 'இரு, இரு' காவலும் மற்ற செல்களில் இருப்பதுபோல் கறாராக இருப்பதில்லை. பஸ் கிளம்பிவிடும். 21-ம் ஜோடி இரண்டுமே ஒரே பக்கம் போய்விடும்.

இதற்குப் பெயர் பிரியாமை. நம் பாட்டிலெல்லாம் பிரிவுதான் துயரம். இங்கே தலைகீழ்.

டவுன் சிண்ட்ரோமில் சுமார் 95 சதவீதம் இப்படி முழுசாக ஒரு 21-ம் குரோமோசோம் கூடுவதால் வருவது. அதில் பத்தில் ஒன்பது தடவை தப்பு முட்டையில், மிச்சம் பெரும்பாலும் விந்தணுவில். 25 வயதுத் தாய்க்குச் சுமார் 1,250 பிரசவத்தில் ஒன்று, 35-ல் சுமார் 350-ல் ஒன்று, 40-ல் சுமார் 100-ல் ஒன்று. வயது ஏற ஏற வாய்ப்பு கூடுகிறது, உண்மை. ஆனால் 27-ல் வாய்ப்பு பூஜ்யம் இல்லை. இளம் தாய்மார்களுக்குத்தான் குழந்தைகள் அதிகம் பிறக்கின்றன என்பதால், இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு 35 வயதுக்குக் குறைந்த அம்மாக்கள்தான்.

கணக்கைப் பாருங்கள். கரு உண்டான நாளிலேயே 47 என்பது முடிவாகிவிட்டது. அப்புறம் வந்த கிரகணமோ, அஞ்சாம் மாசப் பப்பாளியோ, ஆறாம் மாச அழுகையோ, இருமல் மருந்தோ அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

போன லீவில் இதையெல்லாம் ஒரு பேப்பரில் படம் போட்டு சித்திக்குச் சொன்னேன். கயிறு, மோதிரம், கத்தரி எல்லாம். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து என் கலர் பென்சிலால் குரோமோசோம்களுக்கு மீசை வரைந்துகொண்டிருந்தான். சித்தி ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்படின்னா இவனோட முட்டை, நான் எங்கம்மா வயித்துல இருக்கறப்பவே இருந்துச்சா?"

"ஆமா சித்தி."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "இதை அங்க யார்கிட்டயும் சொல்லிடாதடா. அப்புறம் உங்க பாட்டி என்ன சாப்பிட்டாள்னு கேக்க ஆரம்பிச்சிடுவாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இந்தப் பேச்சு வந்தால் சித்தி சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஊர் பேர் இல்லாமல் எழுதிக்கொள்கிறேன் என்று அவளிடம் அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு குழந்தை இருந்தால், அவனோடு விளையாடுங்கள், கேரம் போர்டு எடுத்துப் போடுங்கள் (ஜாக்கிரதை, என் தம்பி தப்பாட்டம் ஆடுவான்). அவன் அம்மாவிடம் என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்கிறவர்கள் யாராவது இருந்தால், மேலே உள்ள கணக்கை எடுத்துச் சொல்லுங்கள்.